மேற்கத்திய மறைஞான இயக்கங்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டத்தில் மேற்கத்திய மறைஞான இயக்கங்களின் வரலாறு பற்றிச் சில மாலைகள் பேசினேன். பேச்சு முடிந்து நாற்காலிகளை மடக்கும்போதுதான் கேள்விகள் வரத் தொடங்கும். குறிசொல்லும் டாரட் சீட்டு பழகும் மாணவி, தியான வகுப்புக்குப் போய்வரும் வங்கி ஊழியர், பேரன் காணொளி பார்த்துப் பயந்துவிட்டான் என்று கவலைப்படும் பெரியவர் என்று ஆட்கள் மாறினாலும் ஐயங்கள் மாறவில்லை. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா மாலையும் நான் வற்புறுத்தியது ஒன்றைத்தான்: யாராவது ‘பழமையான இரகசியம்’ என்று சொன்னால், அது முதன்முதலில் எந்த ஆண்டில் எழுத்தில் தென்படுகிறது என்று கேளுங்கள்.

மறைஞானம் என்றால் பில்லி, சூனியம், ஏவல்தானே? அதற்கு ஒரு வரலாறு வேறு வேண்டுமா?

பில்லி சூனியம் என்று நாம் சொல்வது ஒருவருக்குக் கேடு செய்யும் நோக்கம் கொண்டது. இங்கே பேசப்படுவது வேறு. உலகின் எல்லாப் பொருள்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத தொடர்பு உண்டு, அந்தத் தொடர்பை அறிந்தவன் தன்னையே உயர்த்திக்கொள்ளலாம், அந்த அறிவு தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் படிப்படியாகத் தரப்படும் என்ற எண்ணத்தைச் சுற்றி ஐரோப்பாவில் வளர்ந்த மரபு இது. சோதிடம், ரசவாதம், யூதர்களின் மறைஞான மரபான கபாலா, சடங்கு மந்திரம் எல்லாம் இதில் கலந்திருக்கின்றன.

வரலாறு ஏன் வேண்டும் என்றால், இதன் கிளைகள் இன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. கைப்பேசியில் வரும் ‘பிரபஞ்சத்திடம் கேள், கிடைக்கும்’ என்ற அறிவுரையும் இந்த மரத்தின் ஒரு கிளைதான்.

இதெல்லாம் எகிப்தியப் பூசாரிகளிடமிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

இந்த நம்பிக்கை பிறந்த இடத்தைச் சுட்டிக்காட்ட முடியும். ஃபிளாரன்ஸ் நகரை ஆண்ட கோசிமோ டி மெடிச்சியிடம் ஒரு கிரேக்கச் சுவடி வந்து சேர்ந்தது. மோசேயின் காலத்தவர் என்று கருதப்பட்ட ஹெர்மிஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற எகிப்திய ஞானியின் உபதேசம் என்று அதைச் சொன்னார்கள். பிளேட்டோவை மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டிருந்த மார்சிலியோ ஃபிச்சினோவிடம், பிளேட்டோ காத்திருக்கட்டும், முதலில் இதை முடி என்றார் கோசிமோ. 1463இல் மொழிபெயர்ப்பு முடிந்தது, அடுத்த ஆண்டே கோசிமோ இறந்துபோனார். சாவதற்கு முன் அந்த முதுபெரும் ஞானத்தை ஒருமுறை வாசித்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது.

ஆனால் 1614இல் ஐசக் கசோபன் என்ற மொழியறிஞர் அந்த நூலின் கிரேக்கத்தை ஆராய்ந்து, அது மோசே காலத்துக்குரியதல்ல, கிறிஸ்துவுக்குப் பிந்தையது என்று நிறுவினார். கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளில், கிரேக்கம் பேசிய எகிப்தில் அவை எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. எகிப்திய மண்ணின் சாயல் அவற்றில் உண்டு. பிரமிடு கட்டியவர்களின் வாக்கு என்பதுதான் நிற்காது.

ரோசிக்ரூசியன் என்ற இரகசியச் சங்கம் நிஜமாகவே இருந்ததா?

கசோபன் தன் ஆய்வை வெளியிட்ட அதே 1614இல்தான் ஜெர்மனியின் காஸல் நகரில் ஒரு சிறு அறிக்கை அச்சாயிற்று. கிறிஸ்டியன் ரோசன்கிராய்ட்ஸ் என்பவர் கிழக்கே பயணம் போய் ஞானம் பெற்றுத் திரும்பினார், சகோதரர்களைச் சேர்த்தார், 106 வயது வாழ்ந்தார், 120 ஆண்டுகளுக்குப் பிறகு அவரது கல்லறை திறக்கப்பட்டபோது உடல் அழியாமல் இருந்தது என்றது அந்த அறிக்கை. 1615இல் இரண்டாவது அறிக்கையும், 1616இல் ஓர் உருவகக் கதையும் வந்தன.

ஐரோப்பாவின் படித்தவர்கள் அந்தச் சகோதரர்களைத் தேடி அலைந்தார்கள். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பகிரங்கக் கடிதங்களை அச்சிட்டார்கள். பதில் வரவில்லை. அப்படி ஒரு சங்கம் அப்போது இருந்ததற்குச் சான்று கிடையாது. மூன்றாவது நூலை எழுதிய யோஹான் வாலென்டின் ஆண்ட்ரே என்ற லூத்தரன் போதகர் பிற்காலத்தில் அதை ஒரு விளையாட்டு என்றே குறிப்பிட்டார். ஆனால் அந்தக் கதையை நம்பியவர்கள் பிறகு உண்மையான சங்கங்களைக் கட்டினார்கள். இந்த வரலாறு முழுவதும் இப்படித்தான் நடக்கிறது: முதலில் சங்கத்தைப் பற்றிய கதை வருகிறது, சங்கம் பின்னால் வருகிறது. இதை நினைவில் வைத்திருங்கள், கோல்டன் டான் என்ற பிற்காலச் சங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவேன்.

ஃப்ரீமேசன்களும் இல்லுமினாட்டிகளும்தானே இதற்கெல்லாம் பின்னால் இருக்கிறார்கள்?

இல்லுமினாட்டி என்பது பவேரியாவில் ஆடம் வைஸ்ஹாப்ட் என்ற சட்டப் பேராசிரியர் 1776ஆம் ஆண்டு மே 1 அன்று தொடங்கிய அமைப்பு. மூடநம்பிக்கையையும் திருச்சபையின் அரசியல் பிடியையும் எதிர்ப்பது அதன் நோக்கம். 1785க்குள் பவேரிய அரசு அதைத் தடைசெய்து ஒடுக்கிவிட்டது. பத்தாண்டு கூடத் தாக்குப்பிடிக்காத ஒன்று இன்றும் உலகை ஆள்கிறது என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

ஃப்ரீமேசன்கள் வேறு, சடங்குகளோடு கூடும் ஒரு சகோதரச் சங்கத்தினர். மறைஞான இயக்கங்களுக்கு அவர்கள் தந்தது சதித்திட்டம் எதுவும் இல்லை, ஒரு வடிவம். படிநிலைகள், தீட்சை, கடவுச்சொல், சடங்கு உடை, கண்கட்டி உள்ளே அழைத்துவரும் நாடகத்தன்மை ஆகியவற்றைப் பின்னால் வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

ரயிலும் தந்தியும் வந்த காலத்தில் போய் ஏன் திடீரென்று இத்தனை இயக்கங்கள் முளைத்தன?

ரயிலும் தந்தியும் வந்ததால்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1848ஆம் ஆண்டு மார்ச் 31 இரவு, நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் கிராமத்தில் மேகி, கேட் என்ற ஃபாக்ஸ் வீட்டுச் சிறுமிகள் சுவரில் கேட்ட தட்டல் ஒலியோடு ‘பேசினார்கள்’. ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று பதில் வந்தது. கம்பி வழியே தட்டல்களாகச் செய்தி பறக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தூரத்து ஊரிலிருந்து செய்தி வருமென்றால், இறந்தவர்களிடமிருந்து ஏன் வராது என்று மக்கள் நினைத்ததில் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

அதோடு திருச்சபை ஆட்டம் கண்டிருந்தது. பைபிளை வரலாற்று நூலாக ஆராயும் ஆய்வுகள், பிறகு 1859இல் டார்வின். பழைய மதத்துக்குத் திரும்பவும் முடியாமல், உலகம் வெறும் சடப்பொருள்தான் என்று ஏற்கவும் மனமில்லாமல் நடுவில் நின்றவர்கள் மிகப் பலர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஆவி அழைக்கும் மேசையருகே உட்கார்ந்ததை மடமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

1888இல் மேகி ஃபாக்ஸ் நியூயார்க் மேடையில் ஏறி, கால்விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்த ஒலியை எழுப்பினோம் என்று செய்தே காட்டினார். மறு ஆண்டு அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். அதற்குள் ஆவியுலக இயக்கம் அவர்கள் கையை விட்டு நெடுந்தூரம் போய்விட்டிருந்தது.

விடுதியில் நாணயம் வைத்து ஆவி அழைத்தோம். யாரும் தள்ளவில்லை, அது தானாகவே நகர்ந்தது. இதற்கு என்ன விளக்கம்?

நீங்கள் பொய் சொல்லவில்லை. 1853இல் மைக்கேல் ஃபாரடே இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். அப்போது லண்டன் வீடுகளில் மேசை சுழற்றுவது பரவியிருந்தது. அவர் மேசைக்கும் கைகளுக்கும் இடையே, லேசாக நழுவும் அட்டைகளை வைத்து, எது முதலில் நகர்கிறது என்று அளந்தார். கைகள்தான் முதலில் நகர்ந்தன. உட்கார்ந்திருந்தவர்கள் மனமறிந்து தள்ளவில்லை, எதிர்பார்ப்பே தசையை அசைத்தது. நகர்வைக் காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்முன் வைத்ததும் அசைவு நின்றுவிட்டது.

நீங்கள் காகிதத்தில் எழுத்துகளை எழுதிச் செய்ததன் மூலவடிவமான ஓயிஜா பலகை 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்று, விளையாட்டுப் பொருளாகவே விற்பனைக்கு வந்தது. அன்றிரவு உங்களுக்கு வந்த பயம் மட்டும் உண்மையானது. ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கும் அறையில் இதைச் செய்யாதீர்கள்.

தனித்தனியாக இருந்த கபாலா, டாரட், சோதிடம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்தது யார்?

ஒரே பெயர் சொல்ல வேண்டுமென்றால் எலிஃபாஸ் லெவி. இயற்பெயர் அல்போன்ஸ் லூயி கான்ஸ்டான். பாரிஸ்காரர், கத்தோலிக்கக் குருவாவதற்குப் படித்து, திருத்தொண்டர் வரை போய், குருப்பட்டம் பெறாமல் விலகியவர், சோசலிசக் கருத்துகளுக்காகச் சிறை சென்றவர். 1854 முதல் 1856 வரை அவர் வெளியிட்ட உயர்மந்திர நூல், டாரட்டின் 22 படச்சீட்டுகளை ஹீப்ரூவின் 22 எழுத்துகளோடு பொருத்தியது. ஆட்டுத்தலையும் சிறகுகளும் கொண்ட பாஃபோமெட் உருவத்தை வரைந்தவரும் அவர்தான். இன்று இணையத்தில் அதைச் சாத்தான் என்று காட்டிப் பயமுறுத்துகிறார்கள். அவர் அதில் காட்ட நினைத்தது ஆணும் பெண்ணும், மேலும் கீழும், ஒளியும் இருளும் சமன்படும் நிலையை.

டாரட் சீட்டு எகிப்தியருடையதா, ஜிப்சிகளுடையதா?

இரண்டும் இல்லை. பதினைந்தாம் நூற்றாண்டு வட இத்தாலியில் பிரபுக்கள் வீட்டில் ஆடிய சீட்டாட்டம் அது. 78 சீட்டுகளில் 56 நாம் ஆடும் சீட்டுகளைப் போன்றவை, மீதி 22 துருப்புகள். மூன்று நூற்றாண்டுக் காலம் அது பெரும்பாலும் ஆட்டமாகவே இருந்தது. 1781இல் பாரிஸில் கூர் த ஜெபலான் என்பவர் இது எகிப்தியர்களின் ஞானநூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்துகளைப் படிக்க ஷாம்போலியன் வழிகண்டது 1822இல். அதாவது ஒரு சொல்லையும் படிக்கத் தெரியாத காலத்தில் சொல்லப்பட்ட கருத்து இது.

இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளிவந்தவை. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். சிறு சீட்டுகளிலும் மனிதர்களையும் காட்சிகளையும் வரைந்து, பார்த்த உடனே மனத்தில் கதை ஓடும்படி செய்தது அவர் கை. மிகக் குறைந்த கூலிக்கு மிகப் பெரிய வேலை என்று அவரே எழுதியிருக்கிறார். நெடுங்காலம் அந்தச் சீட்டுக்கட்டு பதிப்பாளர் பெயரையும் வெயிட் பெயரையும் தாங்கியே விற்றது. உங்களிடம் கட்டு இருந்தால் சீட்டின் மூலையில் பாருங்கள், அவருடைய சுருக்கக் கையொப்பம் இருக்கும்.

அடையாறு பிரம்மஞான சபை நியூயார்க்கில் தொடங்கியதா? பிறகு இங்கே எப்படி வந்தது?

ஆம். ரஷ்யரான ஹெலினா பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டும் 1874இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஒரு பண்ணைவீட்டில் சந்தித்தார்கள். ஆவிகள் தோன்றுவதாகச் சொல்லப்பட்ட வீடு அது. ஆல்காட் அங்கே பத்திரிகைக்கு எழுத வந்தவர். 1875 நவம்பரில் நியூயார்க்கில் சபை தொடங்கியது. 1879இல் இருவரும் பம்பாய்க்கு வந்தார்கள், 1880இல் இலங்கையின் காலியில் பௌத்த பஞ்சசீலம் ஏற்றார்கள், 1882 இறுதியில் அடையாற்றின் கரையில் வாங்கிய தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஆவியுலக இயக்கத்திலிருந்து இவர்கள் விலகிய புள்ளி முக்கியமானது. ஞானத்தின் ஊற்று எகிப்து என்று முதலில் எழுதிய அம்மையார், பிறகு அதை இந்தியாவுக்கும் திபெத்துக்கும் மாற்றினார். இறந்த உறவினர்களின் இடத்தில், இமயத்தில் மறைந்து வாழ்ந்து உபதேசிப்பதாகச் சொல்லப்பட்ட மகாத்மாக்கள் வந்தார்கள். கர்மமும் மறுபிறவியும் மேற்கின் சாதாரணப் பேச்சில் நுழைந்ததற்கு இந்தச் சபையின் பங்கு மிகப் பெரியது. எதிர்த்திசையிலும் ஓட்டம் இருந்தது: 1889இல் லண்டனில் காந்தியை முதன்முதலாகப் பகவத்கீதை படிக்க வைத்தவர்கள் பிரம்மஞான சபையைச் சேர்ந்த இருவர்.

பிளாவட்ஸ்கி மோசடிக்காரர் என்று நிரூபித்துவிட்டார்களே, பிறகு என்ன பேச்சு?

அடையாற்றில் ஒரு மரப்பேழை இருந்தது. மகாத்மாக்களின் கடிதங்கள் அதில் தாமாக வந்து சேர்வதாகச் சொன்னார்கள். 1884இல் அங்கே வேலைபார்த்த கூலோம் தம்பதியர், அம்மையார் எழுதியவை என்று சில கடிதங்களை வெளியிட்டு, பேழையின் பின்பக்கம் இரகசிய வழி இருந்தது என்றார்கள். மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் இதழ் அவற்றை அச்சிட்டது. லண்டனின் அமானுஷ்ய ஆய்வுக் கழகம் அனுப்பிய ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் விசாரித்து, 1885 அறிக்கையில் அம்மையாரை ஏமாற்றுக்காரர் என்றே முடிவுகட்டினார். அந்த ஆண்டு இந்தியாவை விட்டுப் போன அம்மையார் திரும்பவே இல்லை.

1986இல் அதே கழகத்தின் இதழில் கையெழுத்து ஆய்வாளர் வெர்னன் ஹாரிசன், ஹாட்ஜ்சனின் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று கடுமையாக விமர்சித்தார். என் கருத்தைக் கேட்டால், கடிதங்கள் காற்றில் வந்தன என்பதை நான் நம்பவில்லை. ஆனால் சாதி, நிற, மத, பால் வேறுபாடற்ற சகோதரத்துவத்தைத் தன் முதல் நோக்கமாக எழுதிவைத்த சபையை ஒரு பேழையோடு முடித்துக்கொள்ளவும் நான் தயாரில்லை. அதே ஆல்காட்தான் 1894இல் சென்னையில் தலித் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அயோத்திதாசர் 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவத் துணைநின்றவரும் அவரே.

கோல்டன் டான் என்கிறார்களே, அது எவ்வளவு பழைய சங்கம்?

1888இல் லண்டனில் மூன்று ஃப்ரீமேசன்கள் தொடங்கியது. அவர்களுள் வெஸ்ட்காட் என்பவர் மரண விசாரணை அதிகாரி. சங்கேத எழுத்தில் அமைந்த சுவடி ஒன்று கிடைத்தது, அதன் வழியே ஆனா ஷ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானிய அம்மையாரோடு கடிதத் தொடர்பு ஏற்பட்டு அனுமதியும் பெற்றோம் என்றார் அவர். அப்படியொரு பெண்மணி இருந்ததற்குத் தடயமில்லை. ரோசிக்ரூசியன் கேள்வியில் சொன்ன அதே முறைதான்.

ஆனாலும் அங்கே கட்டப்பட்ட பாடத்திட்டம் அசாத்தியமானது. லெவியின் பொருத்தங்கள், பதினாறாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஜான் டீயின் தேவதூத மொழி, எகிப்தியத் தெய்வங்கள், நம் ஐம்பூதத் தத்துவங்களின் குறியீடுகள் என எல்லாம் ஒரே ஏணியின் படிகளாக அமைக்கப்பட்டன. பெண்கள் ஆண்களுக்கு நிகராகச் சேர்க்கப்பட்டார்கள். கவிஞர் யேட்ஸ் உறுப்பினர். வெயிட்டும் பமேலா ஸ்மித்தும்கூட இங்கிருந்து வந்தவர்கள். 1900இல் சண்டை மூண்டு உடைந்தது. இன்று மேற்கில் நடக்கும் சடங்கு மந்திரப் பயிற்சிகளில் பெரும்பகுதி, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாக இருந்த இந்தச் சங்கத்திலிருந்து வந்ததே.

அலிஸ்டர் க்ரௌலி சாத்தானை வழிபட்டவர்தானே?

பத்திரிகைகள் அப்படி எழுதின, அவரும் அந்தப் பெயரை விரும்பி வளர்த்துக்கொண்டார். கண்டிப்பான கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து அதன்மேல் தீராத கோபம் கொண்டவர். 1904இல் கெய்ரோவில் ஒரு குரல் தனக்குச் சொன்னதாக எழுதிய நூலின் அடிப்படையில் தெலெமா என்ற நெறியை நிறுவினார். ‘உன் மெய்யான விருப்பத்தைக் கண்டுபிடித்து அதைச் செய்’ என்பது அதன் சாரம். அமைப்பு ரீதியான சாத்தான் சபை 1966இல்தான் சான் ஃபிரான்சிஸ்கோவில் தோன்றியது. ஆனால் அவருடன் வாழ்ந்த பலரின் வாழ்க்கை சிதைந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

நம் பக்கத்தோடு அவருக்கு ஒரு தொடர்பு உண்டு. அவரது மந்திர ஆசிரியரும் கோல்டன் டான் உறுப்பினருமான ஆலன் பென்னட் கொழும்பில் பொன்னம்பலம் இராமநாதன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அந்தச் சைவத் தமிழரிடமே யோகமும் கற்றார். 1901இல் க்ரௌலி இலங்கைக்கு வந்து, கண்டியில் பென்னட்டோடு தங்கி யோகப் பயிற்சி செய்தார். மேற்கின் சடங்கு மந்திரத்தில் ஆசனமும் பிராணாயாமமும் கலந்த வழிகளுள் இது ஒன்று. தமிழில் இது பேசப்படாமலேயே இருப்பது எனக்குப் பெரிய குறை.

விக்கா என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய மதமாமே?

ஜெரால்ட் கார்ட்னர் அப்படித்தான் நம்பினார். இலங்கையில் தோட்டங்களிலும் மலாயாவில் சுங்கத் துறையிலும் வேலைபார்த்து 1936இல் ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் அவர். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் 1939இல் ஒரு பழைய சூனியக்காரர் குழு தனக்குத் தீட்சை தந்தது என்றார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் நூல் எழுதி, இன்று விக்கா எனப்படும் அந்த நெறியை உலகுக்கு அறிவித்தார். சூனிய வேட்டையில் கொல்லப்பட்டவர்கள் ஒரு பழைய மதத்தினர் என்ற மார்கரெட் மர்ரேயின் கருத்தே அவருக்கு அடித்தளம். வரலாற்றாசிரியர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

அவரது சடங்குகளில் க்ரௌலியின் வரிகள் இருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றை நீக்கி அழகான கவிதையாகத் திருத்தி எழுதியவர் டோரீன் வாலியன்டே என்ற பெண். இன்று விக்கர்களில் பலரே இது இருபதாம் நூற்றாண்டில் பிறந்த மதம் என்று வெளிப்படையாக ஏற்கிறார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஈர்ப்பு விதியும் ஏழு சக்கர நிறங்களும் நம்மிடமிருந்து போனவைதானே?

நினைப்பது நம்மிடம் வந்து சேரும் என்ற ஈர்ப்பு விதி அமெரிக்காவில் பிறந்தது. எண்ணத்தால் நோயைத் தீர்க்கலாம் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுப் ‘புதுச் சிந்தனை’ இயக்கத்தின் பிள்ளை அது. 1906இல் இதைத் தலைப்பிலேயே வைத்து நூல் எழுதிய வில்லியம் வாக்கர் அட்கின்சன் ஒரு வழக்கறிஞர். யோகி ராமசரக என்ற பெயரில் யோக நூல்கள் எழுதியவரும் அவரே. அந்த நூல்களை இந்திய முனிவருடையவை என்று எண்ணி இன்றும் இங்கே வாங்குகிறார்கள்.

சக்கரங்கள் நம்முடையவை. ஆறு ஆதாரங்களைத் திருமூலரும் பாடுகிறார். ஆனால் மூலாதாரம் சிவப்பு, அடுத்தது ஆரஞ்சு என்று வானவில் வரிசையில் ஏறும் படம் நம் சுவடிகளில் இல்லை. 1919இல் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ஜான் வுட்ராஃப் வங்காளத்துத் தாந்திரிக நூலை மொழிபெயர்த்தார், 1927இல் பிரம்மஞான சபையின் லெட்பீட்டர் தன் ஞானக்கண்ணில் கண்ட நிறங்களை எழுதினார், 1970களில் அமெரிக்காவில் அது வானவில்லானது. அந்தப் படம்தான் இன்று நம் யோகா வகுப்புச் சுவரில் ‘தொன்மையான இந்திய ஞானம்’ என்று தொங்குகிறது. சுவடியில் உள்ளதைப் படிக்க நமக்கு மொழி இருக்கிறது. படத்தை நம்பிப் படிக்காமல் விடுவது வருத்தம் தருகிறது.

ஹிட்லருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒரு கிளை வழியாக உண்டு. பிளாவட்ஸ்கியின் 1888ஆம் ஆண்டு நூலில் மூல இனங்கள் என்ற கருத்து வருகிறது. ஆரியர் என்பது அதில் ஐந்தாவது. வியன்னாவில் கீடோ ஃபான் லிஸ்ட் போன்றோர் அதை ஜெர்மானிய இன வெறியோடு கலந்தார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த மியூனிக்கின் தூலே சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், நாஜிக் கட்சியின் முன்னோடியை 1919இல் தொடங்கியவர்களுள் இருந்தார். ஆட்சிக்கு வந்த நாஜிகளோ ஃப்ரீமேசன் மன்றங்களை மூடினார்கள், பிரம்மஞான சபையிலிருந்து பிரிந்த ருடால்ஃப் ஸ்டைனர் நிறுவிய ஆந்த்ரபாசபி என்ற மறைஞானச் சங்கத்தை 1935இல் தடைசெய்தார்கள். இன ஏணியைப் பற்றிய அந்தப் பக்கங்களைச் சபையின் அன்பர்கள் கூச்சமில்லாமல் திரும்பப் படித்து விமர்சிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஜே. கிருஷ்ணமூர்த்தி ஏன் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார்?

1909இல் அடையாறு கடற்கரையில் சபை ஊழியர் ஒருவரின் மெலிந்த மகனான கிருஷ்ணமூர்த்தியை லெட்பீட்டர் கண்டு, வரப்போகும் உலககுருவின் வாகனம் இவனே என்றார். சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் அந்தப் பிள்ளையைத் தம் பொறுப்பில் எடுத்தார். 1911இல் அவரைச் சுற்றி விண்மீன் சங்கம் உருவாயிற்று. பிள்ளையைத் திரும்பக் கேட்டுத் தந்தை மதராஸ் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார், லண்டனின் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலில் தோற்றார். இந்த உலககுரு விவகாரத்தில் முரண்பட்டுத்தான் ஸ்டைனர் ஜெர்மன் கிளையைக் கூட்டிக்கொண்டு சபையிலிருந்து பிரிந்தார்.

1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமென் முகாமில், பெசன்ட் அம்மையார் முன்னிலையிலேயே, ஆயிரக்கணக்கானோர் இருந்த அந்தச் சங்கத்தைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த அமைப்பும் அதற்கு ஆளை அழைத்துப்போக முடியாது என்றார். வழங்கப்பட்ட நிலங்களும் சொத்துகளும் திரும்பிப் போயின. தனக்காகவே கட்டப்பட்ட சிம்மாசனத்திலிருந்து 34 வயதில் எழுந்து நடந்தவர் அவர். இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் நாள் அது.

எல்லாமே பிற்காலத்தில் உருவானது என்றால், எல்லாம் பொய் என்றுதானே சொல்கிறீர்கள்?

வயதைத்தான் சொன்னேன். 1909இல் வரைந்த படம் ஒருத்திக்குத் தன் துயரைப் பேசச் சொல் தருமென்றால், அது எகிப்தியதாக இருக்க வேண்டிய தேவை இல்லை. நியூட்டன் ரசவாதத்தைப் பற்றிப் பத்து லட்சம் சொற்கள் அளவுக்கு எழுதினார், அதனால் அவரது இயக்க விதிகள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் பழமையைக் காட்டி ஒருவர் பணம் கேட்டால், மருந்தை நிறுத்தச் சொன்னால், குடும்பத்தை விட்டு வரச் சொன்னால், அப்போது ஆண்டைக் கேட்பது வெறும் வரலாற்று ஆர்வமாக நிற்காது.

இவற்றையெல்லாம் நேரில் பார்க்கச் சென்னையில் என்ன இருக்கிறது?

அடையாறு சபைத் தோட்டத்துக்குப் போங்கள். உள்ளே விடும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆல்காட் 1886இல் தொடங்கிய நூலகம் அங்கே இருக்கிறது, ஓலைச்சுவடிகளின் பெருந்தொகுப்பு கொண்டது. பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரமாக நிற்கின்றன. திரும்பும் வழியில் பெசன்ட் நகரில் ஆல்காட் பெயரில் நடக்கும் பள்ளியைக் கடந்து வாருங்கள். மாலை மணி அடிக்கும் நேரமென்றால் பிள்ளைகள் தெருவை நிறைத்துக்கொண்டு வெளியே வருவார்கள்.